பூட்ஸுக்குப் புது சோல்: எது தாங்கும், எது தாங்காது

தோல் பூட்ஸில் முதலில் தேய்வது அடி. மேல்தோலைக் கவனித்து வைத்திருந்தால் இருபது வருடம்கூட உழைக்கும். சோலுக்கு அந்த ஆயுசு கிடையாது. தினமும் போட்டு நடந்தால் ஒன்றிரண்டு வருடத்தில் கரைந்துவிடும். தேய்வதற்காகவே வைத்த பாகம் அது. சைக்கிளுக்கு டயர் மாதிரி. டயர் தேய்ந்துவிட்டது என்று யாரும் சைக்கிளைக் காயலான் கடையில் போடுவதில்லை.

பூட்ஸ் விஷயத்தில் மட்டும் அதுதான் நடக்கிறது. "சோல் போச்சு, வேற வாங்கிக்கலாம்" என்று நல்ல தோல் குப்பைக்குப் போகிறது. சோம்பல் ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், கடையில் கிடைக்கும் பெரும்பாலான பூட்ஸ் சோலை மாற்றும் வகையில் செய்யப்படுவதே இல்லை. மாற்ற முடியுமா என்பது தொழிற்சாலையில் அந்த பூட்ஸ் உருவான அன்றே முடிவாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு கைதேர்ந்தவரிடம் கொண்டுபோனாலும் அந்த எல்லைக்குள்தான் அவர் வேலை செய்ய முடியும். மேல்தோலையும் சோலையும் எப்படிச் சேர்த்தார்கள்? இதற்குப் பதில் தெரிந்தால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

பழுது பார்க்க மிகவும் தோதான முறை குட்இயர் வெல்ட். பாதம் நேராக உட்காரும் தோல் தகடுதான் உள்சோல். அதன் அடிப்பக்கத்தில் ஓரமாக ஒரு வரப்பு ஓடும். (பழைய கைவேலையில் இந்த வரப்பை உள்சோலின் தடித்த தோலிலேயே செதுக்கி எடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் கித்தான் பட்டையை ஒட்டி உண்டாக்குகிறார்கள்.) மேல்தோல், அதன் உள்ளே லைனிங், வெளிப்பக்கம் வெல்ட் எனப்படும் ஒடுக்கமான தோல் பட்டை, மூன்றையும் அந்த வரப்போடு சேர்த்து ஒரு தையல். இது வெளியே தெரியாது. பிறகு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வெல்ட்டோடு சோலைச் சேர்த்து இன்னொரு தையல். பூட்ஸைச் சுற்றி ஓரத்தில் கண்ணுக்குத் தெரிவது இந்த இரண்டாவது தையல்.

இரண்டும் தனித்தனியாக இருப்பதில்தான் எல்லா லாபமும். இரண்டாவது தையலை அறுத்தால் சோல் கழன்று வந்துவிடும். முதல் தையலை யாரும் தொடுவதில்லை. மேல்தோலில் புதிதாக ஒரு ஓட்டைகூட விழாது. சோலுக்கும் உள்சோலுக்கும் நடுவே வரப்பின் உயரத்துக்கு ஒரு குழி இருக்கும். அதில் தக்கைத் தூளைப் பசையோடு குழைத்து நிரப்புவார்கள். நாள்பட நாள்பட அது போட்டிருப்பவரின் பாதத்துக்கு ஏற்ப அமுங்கும். ஊருக்கெல்லாம் ஒரே அச்சில் செய்த பூட்ஸ் ஒருவருக்கு மட்டும் "செட்" ஆகிவிடுவதன் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது. பாதவளைவுக்குக் கீழே ஷாங்க் என்று ஒரு தகடு, எஃகிலோ மரத்திலோ. குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவில் பூட்ஸ் தொய்ந்துபோகாமல் தாங்குவது அது.

இந்தத் தையல்கள் கைவேலையிலிருந்து இயந்திரத்துக்கு வந்தது 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில், அமெரிக்காவில். லைமன் பிளேக் 1858-ல் சோலை மேல்தோலோடு தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். வெல்ட் தைக்கும் இயந்திரம் 1870-களில் சார்லஸ் குட்இயர் ஜூனியரின் பெயரில் பரவியது. (ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வாங்கிய குட்இயரின் மகன் இவர். டயர் கம்பெனிக்கு அந்தக் குடும்பத்தோடு பெயர் மட்டும்தான் பொது.) மேல்தோலை அச்சுக்கட்டைமேல் இழுத்துப் பிடித்து மடிக்கும் வேலை மட்டும் கைக்கு அடங்கி, இயந்திரத்துக்கு அடங்காமல் நின்றது. அதையும் 1883-ல் தீர்த்தவர் யான் ஏர்ன்ஸ்ட் மாட்செலிகர். சூரினாமில் பிறந்து, மாசசூசெட்ஸின் லின் நகரச் செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளி. இன்று நடக்கிற கால்கள் எல்லாம் அவருக்குக் கடன்பட்டவை. அவர் பெயர் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமான விஷயம்.

பிளேக் தையலில் ஒரே தையல்தான். உள்சோல், உள்ளே மடிந்த மேல்தோல், அடிசோல் மூன்றையும் ஊடுருவிப் போகும். பூட்ஸ் மெலிதாகவும் வளைந்துகொடுப்பதாகவும் இருக்கும். இத்தாலியப் பாணிக் காலணிகளில் அதிகம் காணலாம். இதற்கும் சோல் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊசி உள்சோலைப் புதிதாகக் குத்தும், அதற்கென்றே நீண்ட கை உள்ள இயந்திரம் வேண்டும், மழைநீர் தையல் வழியே நேராகப் பாதத்துக்கு வந்துசேரும். இரண்டு மூன்று தடவைக்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

மூன்றாவது வகை ஸ்டிட்ச்டவுன். மேல்தோலை உள்ளே மடிக்காமல் பாவாடை மாதிரி வெளியே விரித்து, நடுசோலோடு மேலிருந்து தைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் வடமேற்கில் மரம் வெட்டுபவர்களுக்கும் காட்டுத்தீ அணைப்பவர்களுக்கும் செய்யும் கனமான பூட்ஸ் பெரும்பாலும் இப்படித்தான். வாஷிங்டன் மாநிலத்து ஸ்போகேன் நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே சோல் மாற்றுவதோடு நிற்பதில்லை. மேல்தோலை மட்டும் வைத்துக்கொண்டு உள்சோல், ஷாங்க், நடுசோல், அடிசோல், ஹீல் அத்தனையையும் புதிதாகக் கட்டிக்கொடுக்கிறார்கள். தீக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இது ஆடம்பரம் இல்லை. வெறும் பசையை நம்பிய சோல் அந்தச் சூட்டில் பிரிந்துவிடும்.

கடைசி வகை, உலகத்தில் இன்று அதிகம் விற்பது: பசையால் ஒட்டுவது. தையலே கிடையாது. விலை குறைவு, எடை குறைவு, வேகமாகச் செய்யலாம். ஒட்டுவதில் கெடுதல் ஒன்றும் இல்லை. நன்றாக ஒட்டிய சோல் வருடக்கணக்கில் நிற்கும்.

எரிச்சல் வருவது இன்னொரு விஷயத்தில். ஒட்டிய சோலின் ஓரத்தில் தைத்த மாதிரி நூல் ஓடவிட்டு, வெல்ட் போலவே ஒரு ரப்பர் பட்டையைச் சுற்றி, "வெல்ட்டட்" விலையில் விற்கிறார்கள். சிலவற்றில் நூல்கூட இல்லை. தையல் போன்ற மேடு பள்ளத்தை அச்சிலேயே வார்த்திருக்கிறார்கள். வாங்குபவர் பத்து வருடத்துக்கு என்று நினைத்து வாங்குகிறார். சோல் தேய்ந்து பட்டறைக்குப் போன அன்றுதான் அந்தத் தையல் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று தெரிகிறது. தெரியாத்தனத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வேலை இது. வேறு பெயர் சொல்ல முடியாது.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பூட்ஸைக் கவிழ்த்து சோலின் அடியைப் பார்க்க வேண்டும். தோல் சோலாக இருந்தால் ஓரத்தையொட்டி ஒரு தையலோ, அதை மறைத்த மெல்லிய வாய்க்காலோ தெரியும். ரப்பர் சோலிலும் பெரும்பாலும் நூல் ஒரு பள்ளத்தில் ஓடும். மேலே தையல் இருந்து கீழே எதுவுமே இல்லையென்றால் சந்தேகப்படலாம். (சில நல்ல பூட்ஸில் நடுசோலை மட்டும் தைத்து அதன்மேல் ரப்பரை ஒட்டியிருப்பார்கள். அதற்கு நடுவில் ஒரு தோல் அடுக்கு தனியாகத் தெரியும்.) பிறகு உள்ளே கைவிட்டு, மேலாக ஒட்டியிருக்கும் மெல்லிய விரிப்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். உள்சோலில் ஓரமாகத் தையல் ஓடினால் பிளேக். வழுவழுப்பான தோல் மட்டும் தெரிந்து, வெளியே உண்மையான தையலும் இருந்தால் குட்இயர். அட்டை தெரிந்தால் பதிலும் தெரிந்துவிடும்.

நடுவில் நிற்பவையும் உண்டு. இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்ஷயரில் 1960 ஏப்ரல் 1 அன்று முதன்முதலாகத் தயாராகி, அந்தத் தேதியையே 1460 என்று எண்ணாகச் சுமக்கும் டாக்டர் மார்ட்டென்ஸ் பூட்ஸில் மஞ்சள் தையல் நிஜம்தான். ஆனால் சோலை வெல்ட்டோடு சேர்ப்பது சூட்டில் உருக்கி. அதனால் அதற்குச் சோல் மாற்றுவது சாதாரண வெல்ட் வேலை இல்லை, தனியாகப் பழகியவர்கள் செய்வது.

சரி, எப்போது மாற்றுவது? இங்கேதான் நிறைய பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள். சோலில் ஓட்டை விழும்வரை காத்திருந்தால், தேய்மானம் தக்கையைத் தாண்டி உள்சோலைத் தொட்டிருக்கும். முனையில் தேய்வது அதைவிட மோசம். நடக்கும்போது கடைசியாகத் தரையை விட்டுக் கிளம்புவது கால்முனை. அங்கே சோல் கரைந்து வெல்ட்டும் அரைபட ஆரம்பித்துவிட்டால், சோல் மாற்றும் வேலை வெல்ட் மாற்றும் வேலையாகிவிடும். கூலி பல மடங்கு. தோல் சோலைக் கட்டைவிரலால் நடுவில் அழுத்திப் பார்த்தால் போதும். கடினமாக நின்றால் இன்னும் நாள் இருக்கிறது. தொய்ந்து அமுங்கினால் அதுதான் நேரம். ரப்பரில் பூ அழிந்தது மட்டும் பெரிய விஷயம் இல்லை. தையல் நூல் அறுந்து பஞ்சாகத் தெரிகிறதா, ஓரத்தில் இடுக்கு விட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

ஹீல் தனிக் கணக்கு. தோல் அடுக்குகளை ஆணியடித்துக் கட்டி, அடியில் ஒரு ரப்பர் தட்டு வைத்திருப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது வெளிப்பக்கப் பின்மூலையில்தான் முதலில் தேயும். தட்டு தீர்ந்து தோல் அடுக்கைத் தொடுவதற்கு முன் மாற்றிவிட்டால் சின்னச் செலவு. ஒரு சோலின் ஆயுசுக்குள் ஹீல் தட்டு இரண்டு மூன்று முறை மாறுவது சகஜம். சாய்ந்த ஹீலோடு நடந்துகொண்டே இருந்தால் மேல்தோலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து படிந்துவிடும். அதைப் பிறகு நிமிர்த்த முடியாது.

பட்டறையில் வேலை இப்படிப் போகும். முதலில் ஹீல் நெம்பப்படும், ஆணிகள் பிடுங்கப்படும். வெல்ட்டுக்கும் சோலுக்கும் நடுவே கத்தி ஓடி நூலை அறுக்கும். இந்த ஒரு கட்டத்தில் கை வழுக்கினால் வெல்ட் போச்சு. அதனால் நல்ல வேலைக்காரர் இங்கே அவசரப்படவே மாட்டார். சோல் வந்ததும் உள்ளே பார்ப்பார். பழைய தக்கை உதிர்ந்தும் உருண்டும் கிடக்கும். முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். ஷாங்க் துருப்பிடித்திருந்தால் மாற்ற வேண்டும். ஒட்டிய கித்தான் வரப்பு எங்காவது பிரிந்திருந்தால் அதையும் இப்போதே ஒட்ட வேண்டும். திறந்து வைத்திருக்கும் இந்த நேரத்தை விட்டால் அடுத்த வாய்ப்பு வருடங்கள் கழித்துத்தான்.

வெல்ட்டில் பழைய நூல் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அடிப்பக்கத்தைச் சொரசொரப்பாக்கி, புது சோலின் மேல்பக்கத்தையும் அப்படியே செய்து, இரண்டிலும் சொலூஷன் தடவுவார்கள். உடனே ஒட்டுவதில்லை. கை வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட வேண்டும். பிறகு அழுத்தினால் பிடித்த பிடி விடாது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டிய சோல்தான் ஒரு மாதத்தில் வாயைப் பிளக்கிறது. இந்தப் பசை தையல் முடியும்வரை சோலை நகராமல் பிடித்து வைப்பதற்கு. பாரத்தைத் தாங்கப்போவது மெழுகு ஏற்றிய நூல். இயந்திரமானால் சில நிமிட வேலை. கைவேலையானால் குத்தூசியால் பழைய ஓட்டைகளையே தேடித் தேடிக் குத்தி, நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, இரண்டு பக்கமிருந்தும் இழுப்பார்கள். இயந்திரம் பெரும்பாலும் புது ஓட்டை போடும். ஒவ்வொரு முறையும் ஓட்டைகள் கூடிக்கொண்டே போனால் வெல்ட் தபால்தலை ஓரம்போல் கிழிய ஆரம்பிக்கும். ஆகவே சில முறைகளுக்குப் பிறகு வெல்ட்டையும் மாற்றியாக வேண்டும். அப்புறம் ஹீல் அடித்து, ஓரத்தைச் செதுக்கி, தேய்த்து, மெழுகு பூசி மெருகேற்றினால் முடிந்தது.

செய்த கம்பெனிக்கே அனுப்புவதில் ஒரு தனி லாபம் உண்டு. அவர்களிடம் அந்த பூட்ஸ் உருவான அச்சுக்கட்டையே இருக்கும். பழைய பூட்ஸை அதில் ஏற்றி வேலை செய்தால் தளர்ந்த உருவம் திரும்ப வரும். நார்தாம்ப்டனின் பழைய காலணிக் கம்பெனிகளும், அமெரிக்காவின் ரெட் விங், ஆலன் எட்மண்ட்ஸ் போன்றவையும் இந்தச் சேவையைத் தருகின்றன.

புது சோல் எது என்பது ரசனை மட்டும் அல்ல. தாவரப் பட்டையில் பதப்படுத்திய தோல் சோல் காற்றோட்டமானது, கம்பீரமானது. ஓக் மரப்பட்டைக் குழிகளில் ஒரு வருடத்துக்கும் மேல் ஊறவைத்துச் சோல் தோல் செய்யும் ஜே. அண்ட் எஃப்.ஜே. பேக்கர் என்ற பட்டறை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் இருக்கிறது. ஆனால் மழையில் தோல் சோல் ஊறிச் சீக்கிரம் தேயும். ஈரத் தரையில் வழுக்கும். மழைக்காலத்தில் நடப்பவருக்கு ரப்பரே புத்திசாலித்தனம். இங்கிலாந்தில் செய்யும் டெய்னைட் சோலில் குமிழ்கள் மட்டமாக இருக்கும், பக்கவாட்டில் பார்த்தால் தோல் சோல் மாதிரியே தெரியும். கிரேப் சோல் மெத்தென்று இருக்கும், சூட்டில் இளகி அழுக்கை இழுக்கும். (அதற்கான கிரேப் ரப்பர் இலங்கையின் பழைய ஏற்றுமதிச் சரக்குகளில் ஒன்று.)

மலைக்குப் போகிறவர்களின் ஆழப் பூவிட்ட ரப்பர் சோலுக்குப் பின்னால் ஒரு துக்கம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மலையேறிகளின் பூட்ஸில் ஆணி அடித்திருக்கும். பாறையில் ஏற அது ஆகாது என்று மெல்லிய காலணிக்கு மாறுவார்கள். 1935-ல் ஆல்ப்ஸின் புந்தா ரசிகா சிகரத்தில் புயலில் மாட்டி ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவோடு போயிருந்த வித்தாலே பிரமானி, பாறைக்கும் பனிக்கும் ஒரே காலணி போதும்படி ரப்பர் சோல் ஒன்றை உருவாக்கினார். பிரெல்லி டயர் கம்பெனி உதவியது. 1937-ல் வந்த அந்த சோல்தான் விப்ரம். 1954-ல் கே-2 சிகரத்தில் முதலில் கால் வைத்த இத்தாலியர்கள் அணிந்திருந்ததும் அதுவே.

தடிமனான சோலுக்கு மாறும்போது ஒன்றை மறக்கக் கூடாது. முன்பாதம் உயர்ந்தால் ஹீலும் அதே அளவு உயர வேண்டும். இல்லாவிட்டால் பூட்ஸின் சாய்வு மாறி, ஷாங்க்கும் மேல்தோலும் தப்பான இடத்தில் மடியும்.

ஒட்டிய பூட்ஸ் வைத்திருப்பவர்கள் என்ன செய்வது? தெருமுனையில் மூன்று பாதம் கொண்ட இரும்பு அச்சோடு உட்கார்ந்திருக்கும் தொழிலாளியிடம் போகலாம். வாய் பிளந்த சோலைச் சுத்தம் செய்து, சுரண்டி, ஒட்டி, சுற்றிலும் கையால் தையல் போட்டுக் கொடுப்பார். சோலின் பக்கச் சுவர் உயரமாக இருக்கும் பூட்ஸுக்கு இந்தத் தையல் அருமையாக நிற்கும். தண்ணீர் மட்டும் தையல் வழியே உள்ளே வரும். எல்லா சோலும் ஒரே சொலூஷனுக்குப் பிடிக்காது என்பதையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது. சாதாரண நியோப்ரீன் பசை தோலுக்கும் ரப்பருக்கும் சரி. பி.வி.சி., டி.பி.ஆர். சோல்களுக்கு பாலியூரத்தேன் பசையும், பல சமயம் அதற்கு முன் ஒரு பிரைமரும் வேண்டும். "எத்தனை தடவை ஒட்டினாலும் பிரியுது" என்ற புகாருக்கு இதுவே பெரும்பாலும் காரணம். தொழிலாளியின் கைமேல் பழி போடுவது நியாயம் இல்லை.

பாலியூரத்தேன் சோல் என்றால் வேறொரு ஆபத்து. காற்றின் ஈரம் அந்தப் பொருளையே மெல்ல உடைக்கும். போடாமல் பெட்டியில் வைத்திருந்தால்கூட சில வருடத்தில் பிஸ்கட் மாதிரி பொடிந்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். பொடிந்ததை ஒட்டவே முடியாது. முழுவதும் எடுத்துவிட்டு ரப்பரிலோ மைக்ரோ ஷீட்டிலோ புதிதாகக் கட்டலாம், மேல்தோல் அதற்குத் தகுதியாக இருந்தால்.

கடைசியில் எல்லாம் மேல்தோலில் வந்து நிற்கிறது. தையல் விட்டிருந்தால் பழைய ஓட்டையிலேயே திரும்பத் தைக்கலாம். கயிறு கோக்கும் ஐலெட், கொக்கி எல்லாம் மாற்றலாம். குதிகாலில் கிழிந்த லைனிங்குக்குத் தோல் ஒட்டுப் போடலாம். விரல் மடியும் இடத்தில் தோல் வெடித்து உள்வரை போய்விட்டால் மட்டும் சரிசெய்ய முடியாது. மேலே நிரப்பிச் சாயம் பூசினால் சில நாள் மறையும், அடுத்த நூறு மடிப்பில் மறுபடி திறக்கும். அந்த பூட்ஸுக்குப் புது சோல் போடுவது வீண் செலவு. நேர்மையான தொழிலாளி அதை முதலிலேயே சொல்லிவிடுவார்.

அந்த வெடிப்புக்குக் காரணம் வறட்சியும் அழுக்கும். மடிப்பில் தங்கிய மண் உள்ளே இருந்து அறுக்கும். பிரஷால் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, அவ்வப்போது கண்டிஷனர் தடவினால் போதும். நிறையத் தடவினால் தோல் தொளதொளத்துவிடும். நனைந்த பூட்ஸை வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்கவே கூடாது. தாவரப் பட்டையில் பதப்படுத்திய தோல், ஈரமாக இருக்கும்போது 70 முதல் 85 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுருங்கிவிடும். அதற்குக் குறைந்த சூட்டில்கூட விறைத்து நொறுங்கும் நிலைக்கு வரும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நனைய நனைய மாற்றி, நிழலில் பக்கவாட்டாகப் படுக்க வைத்தால் சோலுக்கும் காற்றுப் படும். ஒரே ஜோடியைத் தினமும் போடாமல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் உள்ளே இறங்கிய வியர்வை காய்வதற்கு நேரம் கிடைக்கும்.

புதிதாகப் போட்ட தோல் சோல் முதல் சில நாள் வழுக்கும். உலர்ந்த சிமென்ட் தரையில் கொஞ்சம் நடந்து அடியைச் சொரசொரப்பாக்கிவிட்டு, அப்புறம் டைல்ஸ் தரைப்பக்கம் போகலாம். முனையில் ஒரு சின்ன இரும்புத் தகடோ ரப்பர் துண்டோ பதிக்க வேண்டுமென்றால், அதைச் சோல் புதிதாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.